களைச் செடியும் கரப்பானும்: ஒட்டுச் சோதனை காட்டும் வழி

பருவமழை பெய்து சில வாரங்கள் கழிந்ததும், புகைவண்டிப் பாதையின் இருமருங்கிலும், தரிசு நிலங்களிலும், வீடு கட்டுவதற்கென ஒதுக்கப்பட்ட வெற்று மனைகளிலும் இடுப்பளவு உயரத்தில் ஒரு செடி செறிந்து நிற்பதை இந்தியாவின் பெரும்பாலான பகுதிகளில் காணலாம். இதன் இலை காரட் இலையை ஒத்திருக்கும். கிளை நுனிகளில் அரிசி நொய்யைத் தூவினாற்போலச் சிறு வெண்பூக்கள் மலர்ந்திருக்கும். ஆடுமாடுகள் இதனை விரும்பி மேய்வதில்லை. வடநாட்டு மக்கள் இதனைக் ‘காஜர் காஸ்’, அதாவது காரட் புல் என்பர். தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் பார்த்தீனியம் ஹிஸ்டெரோபோரஸ் என்பதாகும்.

இச்செடி மண்டிய சிற்றூர் ஒன்றில் களையெடுத்துப் பிழைக்கும் நடுவயது உழவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய கண்ணிமைகள் வீங்கித் தடித்திருக்கின்றன. கழுத்து மடிப்புகளும் முழங்கையின் உட்புறமும் கறுத்துச் சொரசொரத்து, எருமைத் தோல் போலக் காணப்படுகின்றன. இரவில் அரிப்பினால் உறக்கமில்லை. ஊரார் இதனைக் கரப்பான் என்கின்றனர். சிலர் படர்தாமரை என்கின்றனர். கடையில் வாங்கிய களிம்பு பத்து நாட்கள் நலம் தருகிறது. பதினோராம் நாள் நோய் முன்னிலும் மிகுதியாகத் திரும்புகிறது. தொற்று நோயோ என்று அஞ்சி அண்டை வீட்டார் அவருக்குத் தனிக் குவளையில் தேநீர் தருகின்றனர். கூலிக்கு அழைப்போரும் குறைகின்றனர்.

இந்த உழவருக்கு வந்திருப்பது தொற்று நோயன்று. இரத்தக் கேடும் அன்று. அவர் நாள்தோறும் தொட்டும் மூச்சுடன் எதிர்கொண்டும் வருகின்ற ஒரு பொருளை அவருடைய தோல் பகைப்பொருளாகக் கொண்டுவிட்டது. அப்பொருள் எது என்று கண்டறிந்தாலன்றி எம்மருந்தும் நிலையான பயன் தராது. கண்டறியும் வழியோ நூறாண்டுகளுக்கு மேலாக மருத்துவர் கையில் இருக்கிறது. அதுவே ஒட்டுச் சோதனை.

இருவகைத் தோலழற்சி

வெளிப்பொருள் ஒன்று தோலைத் தொடுவதால் உண்டாகும் அழற்சியைத் தொடு தோலழற்சி என்பர். இஃது இருவகைப்படும். முதல் வகை உறுத்தலால் வருவது. சுண்ணாம்பு, சலவைச் சோடா, ஈரச் சிமெண்டு, காரமான சோப்பு ஆகியவை போதிய அளவு செறிவாகவும் போதிய நேரமும் படுமாயின் எவர் தோலையும் புண்படுத்தும். இதற்கு முன்பழக்கம் வேண்டுவதில்லை.

இரண்டாம் வகை ஒவ்வாமையால் வருவது. நூறு பேர் ஒரே பொருளைக் கையாளும்போது அவர்களுள் சிலருக்கு மட்டுமே இது வரும். அச்சிலருக்கும் முதல் நாளிலேயே வருவதன்று. பல மாதங்களோ பல ஆண்டுகளோ எத்தீங்குமின்றிக் கையாண்ட பொருளே பின்னர் ஒரு நாள் தோலுக்குப் பகையாகிறது. ‘இருபது ஆண்டுகளாக இதே வேலைதான் செய்கிறேன், ஆகவே இது காரணமாக இருக்க முடியாது’ என்று நோயாளி கூறுவது வழக்கம். உண்மையில் அந்த நெடும் பழக்கமே ஒவ்வாமைக்கு வாயிலாக அமைந்திருக்கலாம். இதனைக் களப்பணியாளர் முதற்கண் மனத்திற்கொள்ள வேண்டும்.

தோல் நினைவில் கொள்ளும் முறை

ஒவ்வாமை விளைக்கும் பொருள்களிற் பெரும்பாலானவை மிகச் சிறிய மூலக்கூறுகள். இவை தனித்து நின்று உடலின் காப்பமைப்பைத் தூண்ட வல்லனவல்ல. தோலின் மேலடுக்கை ஊடுருவி, அங்குள்ள புரதங்களுடன் பிணைந்த பின்னரே அயற்பொருளாக உணரப்படுகின்றன. எளிய இரசாயனப் பொருள்களும் இவ்வாறு ஒவ்வாமையை விளைக்கும் என்பதை 1935ஆம் ஆண்டில் லேண்ட்ஸ்டெய்னர், ஜேக்கப்ஸ் என்போர் சோதனைகளால் நிறுவினர்.

மேல்தோலில் கிளைத்த வடிவுடைய அணுக்கள் சில உள்ளன. 1868இல் இவற்றைக் கண்டறிந்த பால் லாங்கர்ஹான்ஸின் பெயரால் இவை வழங்குகின்றன. இவ்வணுக்கள் புரதத்துடன் பிணைந்த அயற்பொருளை ஏந்திக்கொண்டு அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குச் செல்கின்றன. அங்கு ‘டி’ வகை நிண அணுக்கள் அதனை அறிந்து பெருகி, உடல் முழுவதும் பரவுகின்றன. இதற்கு ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் ஆகும். இக்காலத்தில் வெளியே யாதொரு குறியும் தோன்றாது.

அதன் பின்னர் அதே பொருள் மிகச் சிறிதளவு தோலில் பட்டாலும், காத்திருந்த நிண அணுக்கள் அவ்விடத்தில் திரண்டு அழற்சியை உண்டாக்குகின்றன. இவ்விளைவு ஓரிரு மணி நேரத்தில் தோன்றாமல் 1 முதல் 3 நாட்களில் முதிர்கிறது. ஆதலின் இதனைத் தாமத வகை ஒவ்வாமை என்பர். ஞாயிறன்று பட்ட பொருளுக்குத் தோல் செவ்வாயன்று மறுமொழி கூறுகிறது. நோயாளியோ செவ்வாயன்று உண்ட உணவின்மேல் பழி சுமத்துகிறார். கத்தரிக்காயும் கருவாடும் காரணமின்றி விலக்கப்படுவது பல வீடுகளில் இவ்வாறுதான் நேர்கிறது.

உடல் ஒருமுறை கற்ற இப்பகைமை எளிதில் மறைவதன்று. பெரும்பாலோர்க்கு அது பல ஆண்டுகள், சிலர்க்கு ஆயுள் முழுதும் நிலைத்திருக்கும்.

வந்தேறிய செடி

பார்த்தீனியம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளுக்கு உரியது. இந்தியாவில் இது பரவி வருவது 1956ஆம் ஆண்டில் புனேயிலிருந்து தாவரவியல் ஏட்டில் பதிவாயிற்று. அதன் பின்னர் நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்குள் நாட்டின் பெரும்பகுதியில் வேரூன்றிவிட்டது. இவ்வேகத்திற்குக் காரணம் அதன் விதை வளமே. நன்கு வளர்ந்த ஒரு செடி 10,000க்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கும். விதைகள் நுண்ணியவை, காற்றிலும், ஓடும் நீரிலும், வண்டிச் சக்கரங்களில் ஒட்டிய சேற்றிலும் அவை பயணம் செய்கின்றன. முளைத்து ஏறத்தாழ ஒரு மாதத்திலேயே செடி பூக்கத் தொடங்குகிறது.

செடி பரவிய சில ஆண்டுகளுக்குள் நோயும் வெளிப்பட்டது. 1960களின் பிற்பகுதி தொடங்கிப் புனே வட்டார மருத்துவர்கள் உழவர்களிடையே புதுவகைத் தோலழற்சி மிகுவதைக் கண்டனர். நோயுற்றோரிற் பெரும்பாலோர் வெளியில் உழைக்கும் வயது வந்த ஆண்கள்.

செடியின் இலை, தண்டு, பூ ஆகியவற்றின் மேல் நுண்ணிய மயிர்கள் உள்ளன. இம்மயிர்களில் பார்த்தெனின் என்னும் பொருள் அடங்கியுள்ளது. இது செஸ்குவிடெர்ப்பீன் லாக்டோன் என்னும் இரசாயனக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒவ்வாமைக்கு முதற் காரணமாவதும் இதுவே. செடி காய்ந்து நொறுங்கினாலும் பார்த்தெனின் அழிவதில்லை. உடைந்த மயிர்களும் இலைத் துகள்களும் காற்றில் மிதந்து முகத்திலும் கழுத்திலும் படிகின்றன. எனவே செடியைக் கையால் தொடாதவர்க்கும், அதன் அருகே நடந்து செல்பவர்க்கும், காற்று வீசும் திசையில் குடியிருப்பவர்க்கும் நோய் வரக்கூடும். இதனைக் காற்றுவழித் தொடு தோலழற்சி என்பர்.

சாமந்தி, மருளூமத்தை முதலிய செடிகள் பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றிலும் ஒத்த அமைப்புடைய பொருள்கள் உள்ளன. ஆதலின் பார்த்தீனியத்தால் நோயுற்ற சிலர்க்குச் சாமந்திப்பூவும் ஒவ்வாது போகும். பூத்தொடுப்போர்க்கும் பூ விற்போர்க்கும் இச்செய்தி பயன்படும்.

இடமே முதற் சான்று

நோய் எங்கே தொடங்கிற்று என்பது பாதி விடையைத் தந்துவிடும். காதுமடலிலும், மணிக்கட்டைச் சுற்றியும், கொப்பூழின் அருகேயும் தடிப்புத் தோன்றினால் கவரிங் நகை, கைக்கடிகாரம், உடைக் கொக்கி ஆகியவற்றில் உள்ள நிக்கல் மீது ஐயம் எழும். நெற்றி நடுவில் வட்டமாக வந்தால் ஒட்டுப் பொட்டின் பசையையோ குங்குமத்தின் சாயத்தையோ ஆராய வேண்டும். பாதத்தின் மேற்புறத்தில் செருப்பு வாரின் வடிவிலேயே வந்தால் ரப்பரில் சேர்க்கும் இரசாயனங்களும் தோல் பதனிடும் குரோமியமும் நினைவுக்கு வரும். கொத்தனாரின் கைகளில் வந்தால் சிமெண்டிலுள்ள குரோமேட்டும், தலை ஓரத்திலும் காதோரத்திலும் வந்தால் தலைமயிர்ச் சாயத்திலுள்ள பாராஃபெனிலீன் டையமீனும் காரணமாகலாம். துணிகளில் குறியிடச் சலவைத் தொழிலாளர் கையாண்ட சேங்கொட்டைச் சாறும் கழுத்தின் பின்புறத்தில் இத்தகைய அழற்சியை விளைத்தது உண்டு.

பார்த்தீனியம் திறந்திருக்கும் பகுதிகளைத் தாக்குகிறது: முகம், கழுத்து, சட்டைப் பொத்தானுக்கு மேலுள்ள மார்புப் பகுதி, முழங்கை மடிப்பு, முன்கை. வெயிலால் மட்டும் வரும் நோயும் இவ்விடங்களிலேயே தோன்றுமாதலால் மயக்கம் நேரலாம். வேறுபாடு அறிய ஒரு வழி உண்டு. மேலிமை மடிப்பு, காதின் பின்புறம், மோவாயின் அடிப்புறம் ஆகிய இடங்களில் வெயில் படுவதில்லை. ஆனால் தூசு படியும். அவ்விடங்களும் தாக்கப்பட்டிருந்தால் காற்றில் வரும் பொருளே காரணமாதல் கூடும். எனினும் இவ்விதி முற்றும் திட்டமானதன்று. பார்த்தீனிய நோய் முதிர்ந்த சிலர்க்கு வெயிலும் சேர்ந்து ஒவ்வாமற் போவதுண்டு.

ஒட்டுச் சோதனையின் தோற்றம்

ஐயத்தை உறுதியாக்க ஒரு சான்று வேண்டும். அச்சான்றைத் தோலிடமே கேட்டறியலாம் என்று காட்டியவர் ஜெர்மானிய மருத்துவர் யோசெப் யாதஸ்ஸோன் ஆவார். பாதரச மருந்தினால் தோலழற்சியுற்ற நோயாளியின் நலமான தோலில் அதே மருந்தை வைத்து, அங்கு அழற்சி எழுவதை அவர் கண்டார். இதனை 1895இல் கிராட்ஸ் நகரில் கூடிய தோல் மருத்துவர் மாநாட்டில் விளக்கினார். பின்னர் சுவிட்சர்லாந்தில் புரூனோ பிளாக் இம்முறையை ஒழுங்குபடுத்தி வளர்த்தார். இந்தியாவில் புது தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஜே. எஸ். பஸ்ரிச்சா நாட்டுக்கேற்ற சோதனைப் பொருள்களைத் தொகுத்து இத்துறைக்கு அடிகோலினார். இன்று இந்தியத் தரத் தொகுதி என்று வழங்கும் பொருள் வரிசையில், உலகெங்கும் சோதிக்கப்படும் நிக்கல், குரோமியம், ரப்பர்ப் பொருள்கள் ஆகியவற்றுடன் பார்த்தீனியமும் இடம் பெற்றுள்ளது.

சோதனை நடைபெறும் முறை

ஒவ்வொரு பொருளும் தோலை உறுத்தாத, ஆனால் ஒவ்வாமையுடையோரிடம் விளைவு காட்டக்கூடிய செறிவில் வெள்ளை வாசலினிலோ நீரிலோ கலந்து வைக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக நிக்கல் சல்பேட்டு 100க்கு 5 பங்கும், பாராஃபெனிலீன் டையமீன் 100க்கு 1 பங்கும் கலந்து வழங்குவது மரபு. இச்செறிவுகள் நெடுங்கால ஆய்வினால் வகுக்கப்பட்டவை.

ஒட்டு நாடாவில் வரிசையாகப் பதித்த சிறு அலுமினியக் கிண்ணங்களில் இப்பொருள்கள் சிறிதளவு இடப்படும். ஒவ்வொரு கிண்ணமும் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் அகலமுடையது. நாடாவை நோயாளியின் மேல்முதுகில் ஒட்டி, ஒவ்வொரு கிண்ணத்தின் இடத்தையும் அழியாத மையினால் குறித்துக்கொள்வர். இதில் ஊசி குத்துவதில்லை. இரத்தம் எடுப்பதும் இல்லை.

ஒட்டிய நாடா 48 மணி நேரம் முதுகில் இருக்க வேண்டும். பின்னர் அதனை அகற்றி, நாடா அழுத்திய சிவப்பு மறைவதற்காகச் சிறிது நேரம் காத்திருந்து முதற் பார்வை செய்வர். 72 அல்லது 96 மணி நேரத்தில் இரண்டாம் பார்வை நிகழும். இந்த இரண்டாம் பார்வை இன்றியமையாதது. உறுத்தலால் வந்த சிவப்பு பெரும்பாலும் இதற்குள் மங்கிவிடும். ஒவ்வாமையால் வந்த தடிப்போ நிலைத்து நிற்கும் அல்லது மிகும். சில பொருள்கள் ஏழாம் நாளிலேயே விளைவு காட்டுவதும் உண்டு.

விளைவைப் பதிவு செய்ய அனைத்துலக முறை ஒன்று உள்ளது. மெல்லிய சிவப்பு மட்டும் இருப்பின் அஃது ஐயத்திற்குரியது. சிவப்புடன் தடிப்பும் இருப்பின் ஒரு கூட்டற்குறி. தடிப்பின்மேல் நீர்க்கொப்புளங்கள் அரும்பினால் இரு கூட்டற்குறிகள். கொப்புளங்கள் ஒன்றோடொன்று கலந்து பெருத்தால் மூன்று கூட்டற்குறிகள்.

சோதனைக்கு முன்னும் பின்னும்

நோய் கொதித்துப் பரவியிருக்கும் வேளையில் சோதனை செய்தல் ஆகாது. அப்போது தோல் எதனையும் பொறாத நிலையில் இருப்பதால், காரணமல்லாத பொருள்களும் விளைவு காட்டிப் பொய்ச் சான்று கூறும். முதலில் நோயைத் தணித்து, முதுகு நலமாக உள்ளபோது சோதிக்க வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரை உண்போரிடமும், முதுகில் அண்மையில் ஸ்டீராய்டுக் களிம்பு பூசியோரிடமும் உண்மையான ஒவ்வாமை மறைந்துவிடலாம். ஆகவே எம்மருந்து உட்கொள்கிறார் என்பதை மருத்துவரிடம் மறைக்கக்கூடாது. மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

நாடா ஒட்டியிருக்கும் நாட்களில் முதுகை நனைத்துக் குளிப்பதும், மூட்டை சுமப்பதும், வியர்வை பெருக உழைப்பதும் தவிர்க்கப்பட வேண்டும். நம் நாட்டுக் கோடையில் வியர்வையால் நாடா கழன்று சோதனை வீணாவது உண்டு. இயலுமாயின் குளிர்ந்த பருவத்தைத் தேர்ந்துகொள்ளுதல் நலம். அன்றியும், ஒரு வாரத்தில் மூன்று முறை மருத்துவமனைக்கு வர வேண்டியிருக்கும். நாட்கூலிக்கு உழைப்பவர்க்கு இது சிறு செலவன்று. இதனை முன்னரே எடுத்துக்கூறாவிடில் நாடாவுடன் வீடு திரும்பியவர் மீண்டும் வராமற் போவார். வேலை குறைந்த வாரத்தைத் தேர்ந்து, தங்க இடமும் துணையும் ஏற்பாடு செய்வதில் களப்பணியாளரின் உதவி பெரிதும் வேண்டப்படுகிறது.

விளைவு வேறு, தொடர்பு வேறு

முதுகில் தடிப்பு எழுந்துவிட்டது என்பதனாலேயே காரணம் கிடைத்துவிட்டதாகக் கொள்ளலாகாது. பாதங்களில் மட்டும் நோயுடைய பெண் ஒருவர்க்கு நிக்கல் விளைவு காட்டலாம்; அது முன்னாளில் காதணியால் வந்த ஒவ்வாமையின் நினைவாக இருக்குமேயன்றி இன்றைய பாத நோய்க்குக் காரணமாகாது. விளைவு காட்டிய பொருளை நோயாளி இப்போது தொடுகிறாரா, நோயுள்ள இடத்தில் அது படுகிறதா, அதனை விலக்கினால் நோய் தணிகிறதா என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை காண வேண்டும். இவ்விடைகளை மருத்துவமனை அறைக்குள் முழுமையாகப் பெற இயலாது. நோயாளியின் வயலையும் பட்டறையையும் வீட்டையும் அறிந்தவரே துணை செய்ய முடியும்.

செய்யத் தகாதது ஒன்று

சோதனை எளிதாகத் தோன்றுவதால், ஐயத்திற்குரிய இலையைக் கசக்கிக் கையில் கட்டிப் பார்ப்போம் என்று எவரும் முயலுதல் கூடாது. செறிவு மிகுந்த பொருள் தோலை வெந்துபோகச் செய்யும். அதனினும் தீயது, ஒவ்வாமை இல்லாதவர்க்கும் இம்முயற்சியால் புதிதாக ஒவ்வாமை உண்டாகிவிடும். ஈரச் சிமெண்டு, மண்ணெண்ணெய், பூச்சிமருந்து போன்றவற்றை இவ்வாறு ஒட்டிப் பார்ப்பது ஆழ்ந்த புண்ணில் முடியும். பள்ளியில் இதனைச் செய்து காட்டுதல் அறவே கூடாது.

ஆசிரியர்கள் செய்து காட்டத்தக்க தீங்கற்ற சோதனை வேறொன்று உண்டு. டைமெதில்கிளையாக்ஸிம் கரைசலும் அம்மோனியாவும் நனைத்த பஞ்சினால் ஒரு நாணயத்தையோ ஊக்கையோ தேய்த்தால், நிக்கல் கசியுமாயின் பஞ்சு இளஞ்சிவப்பாக மாறும். தோலில் சோதிக்காமல் பொருளையே சோதிக்கும் இம்முறை மாணவர் மனத்தில் எளிதாகப் பதியும்.

பராமரிப்பு

காரணம் அறியப்பட்டபின் சிகிச்சையின் முதற்படி அதனை விலக்குதலே. கவரிங் காதணியைக் கழற்றிவிடலாம், செருப்பை மாற்றிக்கொள்ளலாம். காற்றில் வரும் துகளை முற்றும் விலக்குதல் அரிது; குறைத்தல் இயலும். வீட்டைச் சுற்றியும் நடக்கும் வழியிலும் உள்ள செடிகளைப் பிறர் அகற்றித் தர வேண்டும். வெளியே செல்லும்போது முழுக்கைச் சட்டையும் கழுத்தைச் சுற்றிய மெல்லிய பருத்தித் துணியும் அணிதல் நன்று. வீடு திரும்பியதும் குளித்து, உடுத்திய ஆடையைத் தனியே துவைக்க வேண்டும். துவைத்த துணியைச் செடி மண்டிய வெளியில் உலர்த்தினால் துகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். படுக்கும் அறையின் சாளரம் களைநிலத்தை நோக்கியிருந்தால் காற்று வீசும் நேரத்தில் அதனை மூடி வைக்கலாம்.

நீர் கசியும் நிலையில் தூய நீரில் நனைத்த துணியை மேலே இட்டு எடுத்தல் எரிச்சலைத் தணிக்கும். உலர்ந்து வெடித்த தோலுக்கு வாசலினோ தேங்காயெண்ணெயோ பூசலாம். மஞ்சள், வேப்பிலை, பூண்டு முதலியவற்றை அரைத்துப் பூசுதல் புண்பட்ட தோலை மேலும் உறுத்தும்.

மருத்துவர் எழுதித் தரும் ஸ்டீராய்டுக் களிம்பு அழற்சியை அடக்கும் நல்ல மருந்தே. ஆனால் கடைகளில் கிடைக்கும் கலவைக் களிம்புகளில் வீரியமுள்ள ஸ்டீராய்டும், பூஞ்சண மருந்தும், கிருமி மருந்தும் ஒருங்கே இருக்கும். இவற்றை மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து சிவந்து, இரத்தக் குழாய்கள் தெரியத் தொடங்கும். பூசுவதை நிறுத்தியதும் நோய் பொங்கி எழும். இத்தீங்கைத் தடுக்கவே 2018ஆம் ஆண்டில் இந்திய அரசு பல ஸ்டீராய்டுக் களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. அதனை மக்கள் உணரச் செய்வது களத்தில் இருப்போரின் பணி.

விலக்கியும் தணியாத கடும் பார்த்தீனிய நோய்க்கு அசாதியோபிரின் முதலிய, காப்பமைப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்துகளைத் தோல் மருத்துவர்கள் வழங்குகின்றனர். இம்மருந்து உண்போர் குறித்த கால இடைவெளியில் இரத்தச் சோதனை செய்துகொள்ளல் கட்டாயம். ஏனெனில் இரத்த அணுக்கள் குறைவதும் ஈரல் பாதிப்பும் சிலர்க்கு நேரலாம். நலமடைந்தது போலத் தோன்றியவுடன் சோதனைக்குப் போகாதிருப்பதும், பக்கத்து வீட்டாரின் மாத்திரையை வாங்கி உண்பதும் உயிருக்கே இடராக முடியும்.

ஒழிப்புப் பணியில் கருத வேண்டியவை

நோய்க்கு நிலையான தடுப்பு செடியை ஒழிப்பதேயாகும். கர்நாடக அரசு 1975ஆம் ஆண்டிலேயே பார்த்தீனியத்தைத் தீங்குக் களையாகச் சட்டப்படி அறிவித்தது. செடியின் இலைகளைத் தின்று வாழும் சைகோகிராமா பைகலரேட்டா என்னும் வண்டு 1983இல் மெக்சிகோவிலிருந்து பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு, ஆராய்ந்த பின் 1984இல் வயல்வெளியில் விடப்பட்டது. மழைக்காலத்தில் இவ்வண்டும் அதன் புழுக்களும் செடிகளை மொட்டையாக்குவதைப் பல மாநிலங்களில் காணலாம். பயிரிடா நிலத்தில் 100 லிட்டர் நீருக்கு 15 முதல் 20 கிலோ சமையல் உப்புக் கரைத்துத் தெளிப்பதும், தகரைச் செடியை விதைத்துப் போட்டியாக வளரச் செய்வதும் பரிந்துரைக்கப்பட்ட பிற முறைகள்.

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில் இக்களை பற்றிய விழிப்புணர்வு வாரம் கொண்டாடப்படுகிறது. அப்போது பள்ளிப் பிள்ளைகளையும் தொண்டர்களையும் வரிசையாக நிறுத்திச் செடியைக் கையால் பிடுங்கச் செய்வது சில இடங்களில் வழக்கமாயிருக்கிறது. நோக்கம் நல்லதே, முறை தீதானது. இதுவரை ஒவ்வாமை இல்லாத இளந்தோலுக்கு அச்செடியை முதன்முதலில் அறிமுகம் செய்விப்பது இதுவே ஆகலாம். அன்று பிள்ளைகளுக்கு ஒன்றும் நேராது. அதனால் தீங்கில்லை என்று எண்ணிவிடுவர். விளைவோ பல ஆண்டுகள் கழித்து, அவர்கள் உழைத்துப் பிழைக்கும் பருவத்தில் வெளிப்படும்.

ஆகவே பிடுங்கும் பணியைப் பயிற்சி பெற்ற வயது வந்தோரே செய்ய வேண்டும். கையுறையும், முழுக்கைச் சட்டையும், மூக்கையும் வாயையும் மூடும் துணியும் அணிய வேண்டும். மழைக்குப் பின் மண் ஈரமாக இருக்கையில், செடி பூக்குமுன்னரே வேரோடு பறிக்க வேண்டும். பறித்ததைக் குழியிலிட்டு மக்கவைத்து உரமாக்கலாம். உலர்த்திக் கொளுத்தினால் துகள் காற்றில் பறக்கும். தோல் நோயோ ஆஸ்துமாவோ உடையவர் இப்பணிக்கு அருகிலும் வரலாகாது. பிள்ளைகள் செய்யத்தக்க பணி வேறு உள்ளது: செடி மண்டிய இடங்களை ஊர்ப்படத்தில் குறித்தல், பூக்கும் காலத்தைப் பதிவு செய்தல், வண்டு உள்ள செடிகளைத் தொலைவில் நின்று எண்ணுதல். இவற்றால் அறிவும் வளரும், தோலும் காக்கப்படும்.

கேட்க வேண்டிய வினாக்கள்

நெடுநாட் கரப்பானுடன் ஒருவர் வரும்போது களப்பணியாளர் கீழ்வரும் செய்திகளைக் கேட்டு எழுதி மருத்துவருக்கு அனுப்புவாராயின், சோதனையின் பயன் பன்மடங்காகும். நோய் முதலில் உடலின் எப்பகுதியில் தோன்றிற்று? எந்த மாதங்களில் மிகுகிறது? ஊரை விட்டுச் சில வாரங்கள் வெளியே தங்கியபோது தணிந்ததா? செய்யும் தொழில் யாது? அதில் கைப்படும் பொருள்கள் யாவை? வீட்டைச் சுற்றி என்ன செடிகள் உள்ளன? இதுவரை பூசியவையும் உண்டவையும் யாவை? வீட்டில் பிறர்க்கும் அரிப்பு உண்டா? இறுதி வினாவிற்கு ‘உண்டு’ என்பது விடையாயின் சிரங்கு முதலிய தொற்று நோய்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் கூறிய உழவரிடம் எவரேனும் இவ்வினாக்களைக் கேட்டிருந்தால், மழைக்குப் பின் நோய் மிகுவதையும், மகள் வீட்டிற்குச் சென்று நகரத்தில் தங்கிய மாதத்தில் தணிந்ததையும் அவரே கூறியிருப்பார். ஒட்டுச் சோதனை அதனை உறுதி செய்திருக்கும். அவர் வேலையை இழக்க வேண்டியதில்லை. களையெடுப்பதை விடுத்து, நீர் பாய்ச்சுதல், களஞ்சியப் பணி, கால்நடை பேணல் போன்ற வேறு வேலைக்கு மாறினால் போதும். அவருடைய குவளையைத் தனியே வைக்க வேண்டியதும் இல்லை. இந்நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதன்று. இவ்வொரு செய்தியை ஊரார்க்கு ஆசிரியர் எடுத்துக் கூறுவாராயின், மருந்தால் தீராத ஒரு துயரம் அன்றே தீரும்.